எபினேசர் வேலை பார்த்த கம்பெனி

எங்கள் தெருவில் எபினேசர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாலா கம்பெனி எபி என்று கேட்க வேண்டும். ரத்தினமாலா காஸ்டிங்ஸ் என்பது அந்தக் கம்பெனியின் முழுப்பெயர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், அலுமினியத்தை உருக்கி மோட்டார் சைக்கிள் பாகங்களை வார்த்துக் கொடுக்கிற இடம். எபி அங்கே பதினான்கு வருஷம் மெஷின் ஓட்டினான். நான் அவனுக்குப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருப்பவன். திருவள்ளூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். நடுவில் ஒரே ஒரு சுவர். அவன் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் மனைவி எங்கள் அடுப்பை அணைக்க ஓடுவாள். அதனால் இங்கே நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது. மீதி எபி சொன்னதும் சுவர் வழியாக வந்ததும்.

மாலா கம்பெனி எபி மாலா கம்பெனியின் ஆள் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளங்க வைப்பது கொஞ்சம் சிரமம். கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்டர் மூலமாக வருகிறவர்களுக்குச் சாம்பல் சட்டை. கேட் ஒன்று, ஷிஃப்ட் ஒன்று, மெஷின் ஒன்று, கேன்டீனில் தண்ணீர் சாம்பாரும் ஒன்றுதான். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருக்கும்; ‘ரோல்’ என்கிற கம்பெனியின் ஆள் பட்டியலில் சாம்பல் சட்டைக்காரன் பெயர் ஏறாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் மாறுவார். வேலை செய்கிற ஆள் மாறுவதில்லை, பெயர்ப் பலகைதான் மாறும். சில நாள் ‘பிரேக்’ என்று வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, புதுப் பெயர் போட்ட தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பழைய மெஷினிலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஒருவன் தொடர்ந்து ஒரே இடத்தில் இருந்தான் என்று காகிதத்தில் வந்துவிட்டால் நிரந்தரம் கேட்பான் அல்லவா? அதற்காகத்தான் இத்தனை நாடகம். இது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாருக்கும் கோபம் வருவதில்லை. எனக்கு வரும். கோர்ட்டில் டைப் அடிக்கிறவனுக்கு வருகிற கோபத்தால் யாருக்கு என்ன லாபம்?

எங்கே வேலை என்று யாராவது கேட்டால் சாம்பல் சட்டைக்காரன் கான்ட்ராக்டர் பெயரைச் சொல்ல மாட்டான். கம்பெனியின் பெயரைத்தான் சொல்வான். எபியின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ‘ரத்தினமாலா காஸ்டிங்ஸ், கும்மிடிப்பூண்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எளாவூரில் ஜெனிபரைக் கொடுத்தார்கள். அந்த வீட்டிலும் இரண்டு சாம்பல் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பெண் வீட்டுப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். அது பொய் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது யோசித்தாலும் அது பொய்யில்லை என்றுதான் சொல்வேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் மாலா கம்பெனி தன் பெரிய உற்பத்தி லைனைக் கழற்றி வேறு மாநிலத்துக்கு லாரியில் ஏற்றியது. நீலச் சட்டைக்காரர்களுக்குப் பேச்சுவார்த்தை, செட்டில்மென்ட், மாலை மரியாதை எல்லாம் நடந்தது. சாம்பல் சட்டைகளுக்குக் கான்ட்ராக்டரின் ஆள் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, “திங்கக்கெழமைலேர்ந்து வர வாணாம்பா” என்றான். அவ்வளவுதான்.

எபிக்கு அப்போது முப்பத்தொன்பது முடியப் போகிறது. எங்கள் பக்கத்தில் நாற்பது தாண்டியவனை எந்தக் கம்பெனியும் சொந்த ஆளாக எடுக்காது. விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். ஒரு தடவையாவது நீலச் சட்டை போட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை என்று லேசாகச் சொல்லிவிட்டேன். ஜெனிபருக்குக் கர்ப்பப்பையில் ஒரு ஆபரேஷன் ஆகவேண்டியிருந்தது. கம்பெனி ஆள் என்றால் குடும்பத்துக்கே நல்ல ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் உண்டு. மகள் பிரின்சி ஏழாவது படித்தாள். இந்தப் பிறந்த நாளுக்குள் உள்ளே போகாவிட்டால் பிறகு ஆயுசுக்கும் சாம்பல்தான் என்று அவனுக்குத் தெரியும்.

கேட் கேட்டாக அலைந்து வேலை கேட்ட காலம் போய்விட்டது. “ஆன்லைன்ல போடுப்பா” என்று செக்யூரிட்டியே விரட்டுகிறான். எபி போனில் வேலை தேடும் ஆப்பை ஏற்றினான். அதில் அனுபவம் என்று ஒரு பகுதி. அவன் யோக்கியன். பி.எஃப். கணக்கில் உள்ளபடியே எழுதினான்: ஏழு கான்ட்ராக்டர்கள், ஏழு வரிகள். சாமி பெயர்களில் நாலு, இனிஷியல்களில் மூன்று. கடைசியில் ஒரு நமஸ்காரச் சின்னத்தையும் வைத்து அனுப்பினான்.

ஒரு மாதம் போன் அடிக்கவேயில்லை. ‘ரெக்ரூட்டர் உங்கள் ப்ரொஃபைலைப் பார்த்தார்’ என்று மட்டும் அவ்வப்போது செய்தி வரும். பொண்ணு பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்கிற மாதிரிதான். பார்த்தார்கள், போனார்கள்.

அதற்குப் பிறகு அவன் யூட்யூப் பார்க்க ஆரம்பித்தான். கோட்டு சூட்டு போட்ட ஒரு தம்பி, ரெக்ரூட்டர் கண்ணில் படுவது எப்படி என்று தினம் ஒரு வீடியோ போட்டுக்கொண்டிருந்தார். சுவர் வழியாக அந்தக் குரல் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆயிரம் பேரில் நீங்கள் தனியாகத் தெரிய வேண்டும், நண்பர்களே! போட்டோவில் பாதிச் சிரிப்புதான் இருக்க வேண்டும். விளம்பரத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதே வார்த்தை உங்கள் ரெஸ்யூமேயில் இருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் படிப்பது மனிதனில்லை, கம்ப்யூட்டர். தினமும் எதையாவது மாற்றிச் சேமித்தால் உங்கள் பெயர் பட்டியலில் மேலே வரும்.

எபி ஒன்றுவிடாமல் செய்தான். கல்யாணத்துக்கு முந்தி எவனோ பிரவுசிங் சென்டரில் வைத்துக்கொடுத்த ‘எபி லவ்லி கிங்’ என்ற மெயில் முகவரியைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினான். சர்ச்சின் வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்று, பிரின்சியை போட்டோ எடுக்கச் சொன்னான். பாதிச் சிரிப்பு அவனுக்கு வரவில்லை. பல் வலிக்காரன் மாதிரி இருந்தது. நானே அதைச் சொல்லிச் சிரித்தேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்பு ரெஸ்யூமேயில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பான். மறுநாள் அதை எடுப்பான். அதற்கடுத்த நாள் மறுபடி வைப்பான்.

ஒருநாள் போன் வந்தது. ஒரு பெண் குரல். “சார், ஏழு கம்பெனி மாறியிருக்கீங்களே? ஸ்டெபிலிட்டி இல்லாத கேண்டிடேட்ட கம்பெனியில விரும்ப மாட்டாங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது. ஒரே மெஷின் முன்னால் பதினான்கு வருஷம் நின்று, முழங்காலில் நீர் கோத்தவனுக்கு நிலையில்லாதவன் என்று பட்டம்! அன்று சாயங்காலம் அவன் வீட்டில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே கேட்டது.

“நீ எங்க வேல செஞ்ச?” என்றாள் ஜெனிபர்.

“இன்னா கேள்வி இது? மாலா கம்பெனிலதான்.”

“அப்ப அத்த எழுது. எவன் எவனோ பேர எதுக்கு எழுதிக்கினு கீற? அவனுங்க மூஞ்சிய நீ பாத்துகிறியா?”

“ரோல்ல அப்டித்தான கீது ஜெனி?”

“ரோலு கீலு எல்லாம் உட்டுத் தள்ளு. நம்ம பத்திரிகைல இன்னா போட்டாங்க? ஊரே உன்ன இன்னா சொல்லிக் கூப்புடுது?”

பிறகு அவன் ஏழு வரிகளை அழித்துவிட்டு ஒரே வரி எழுதினான். ரத்தினமாலா காஸ்டிங்ஸ், மெஷின் ஆபரேட்டர், பதினான்கு வருடங்கள். மறுநாள் காலையில் அதை என்னிடம் காட்டினான். “இப்பத்தான்ணா என் வாழ்க்கைய நானே படிக்கிற மாரி கீது” என்றான். அந்த ஒரு வரியை அவன் ஆசையாகத் திரும்பத் திரும்பப் பார்த்தது எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

அந்த வாரமே போன் அடிக்கத் தொடங்கியது. கோட்டுத் தம்பி சொன்னது பலித்துவிட்டது; எபி ஆயிரம் பேரில் தனியாகத் தெரிந்தான். சென்னையில் ஒரு ஏஜென்சியிலிருந்து சந்திரகலா என்ற பெண் பேசினாள். தேர்வாய்க்கண்டிகையில் ஒரு புது வார்ப்புத் தொழிற்சாலை, லைன் லீடர் வேலை, கம்பெனி ரோல். “உங்கள மாதிரி ஒரே இடத்துல இவ்வளவு வருஷம் இருந்தவங்க இப்பல்லாம் கிடைக்கிறதே இல்ல சார்” என்றாள். எபி போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு தடவை “இன்னா மேடம்? கேக்கல” என்றான். நன்றாகத்தான் கேட்டது, ஜெனிபர் கேட்க வேண்டும் என்று அப்படிச் செய்தான்.

இன்டர்வியூவுக்கு என் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். புரொடக்‌ஷன் மேனேஜர் ஆதிகேசவன் என்பவர் கேள்வி கேட்டு, ஒரு மெஷினை ஓட்டிக் காட்டவும் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் எபிக்கு ஒரு விஷயமா? ஒரு வாரத்தில் மெயிலில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அவன் பிறந்த நாள் அதற்குப் பத்து நாள் கழித்து.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரத்தில் ஜெனிபர் எழுந்தாள். வழக்கமாக வாயைத் திறக்காதவள், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் புருசனைக் கர்த்தர் கம்பெனி ஆளாக்கினார், என் சரீரத்துக்கும் வழி திறந்தார் என்று அழுதுகொண்டே சொன்னாள். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. நான் இந்து, வாசலில் நின்று என் பங்குக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்று அவர்கள் வீட்டுக் கோழி பிரியாணியில் எங்களுக்கும் ஒரு பாத்திரம் வந்தது.

சேர்வதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சந்திரகலா பேசினாள். குரல் மாறியிருந்தது.

“சார், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல உங்க பழைய கம்பெனிக்கு மெயில் போட்டோம். அப்படி ஒருத்தர் எங்க ரோல்ல எப்பவுமே இல்லன்னு பதில் வந்திருக்கு. பொய் அனுபவம்னு க்ளோஸ் பண்ணிட்டாங்க. ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?”

“மேடம், நான் அங்கதான் மேடம் இருந்தன். கான்ட்ராக்ட்ல.”

“அப்ப கான்ட்ராக்டர் பேரையே போட்டிருக்கலாமே சார்?”

“போட்டன் மேடம். ஏழு பேரயும் போட்டன். அப்ப யாரும் கூப்புடல.”

மாலா கம்பெனியிலிருந்து யாராவது ஒருவர் இவர் இங்கே வேலை பார்த்தார் என்று மெயில் போட்டால், மேலே பேசிப் பார்ப்பதாகச் சந்திரகலா சொன்னாள். மோசமான பெண்ணில்லை. அவளுக்கும் மேலே ஆள் இருப்பான்.

நான் லீவு போட்டேன். இருவரும் மாலா கம்பெனிக்குப் போனோம். பெரிய லைன் போன பிறகும் ஆபீசும் ஒரு சின்ன ஷெட்டும் ஓடிக்கொண்டிருந்தன. செக்யூரிட்டி எபியைப் பார்த்ததும் எழுந்து, “இன்னா எபி, ஆளே காணோம்?” என்று கைகொடுத்தான். உள்ளே போன் போட்டான். ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கும் பெர்சனேல் ஆபீசர் ராஜவேலு, தானே கேட்டுக்கு வந்தார். எபியின் தோளில் கை போட்டார். பிரின்சியைப் பெயர் சொல்லி விசாரித்தார். ஜெனிபருக்கு உடம்பு எப்படி என்று கேட்டார். எதிர்க் கடையில் எங்கள் மூவருக்கும் டீ சொன்னார்.

“மெயிலுக்கு நான்தான் பதில் போட்டேன் எபி. உங்கிட்ட மறைக்க இன்னா இருக்கு?” என்றார்.

“என்னத் தெரியாதா சார் உங்களுக்கு?”

“தெரியாம இன்னா? மெஷின் மக்கர் பண்ணா ஊட்டுக்கு வண்டி அனுப்பி உன்னத்தான கூட்டியாரச் சொல்வோம்?”

“அப்பறம் எப்டி சார் இல்லன்னு எழுதனீங்க?”

“ரோல்ல இல்லன்னுதான் எழுதனேன். அது நெசந்தான?”

“ஒரே ஒரு மெயிலு சார். இங்க வேல பாத்தான்னு மட்டும் போடுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

ராஜவேலு டீயைக் கீழே வைத்தார். “நீ கேக்கறது சின்ன விஷயந்தான். நான் எழுதிக் குடுத்தா, அத்த வெச்சிக்கினு இருநூறு பேரு லேபர் கோர்ட்டுக்குப் போவான். எம் பொழப்பு போய்டும். உனக்கே தெரியும், உன்ன எனக்கு எவ்ளோ புடிக்கும்னு.”

புடிக்குமாம். எனக்கு அந்த ஆளை அந்த டீ கிளாஸாலேயே அடிக்கலாம் போல இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு எபியை உண்மையாகவே பிடிக்கும். கேட்டில், டீக்கடையில், தெருவில் அவன் பதினான்கு வருஷம் அங்கே இருந்தவன். எழுத்தில் மட்டும் அவன் பிறக்கவேயில்லை.

திரும்பி வரும்போது, “கேஸ் போடு எபி, டைப் அடிக்கிற காசுகூட வேணாம்” என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன், “கேஸ் போட்டா சிப்காட்ல எந்தக் கேட்டுலணா என்ன உள்ள உடுவான்?” என்றான். கோர்ட்டில் எத்தனையோ வருஷ அனுபவம் எனக்கு. பைக்கை மட்டும் ஒழுங்காக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் தேதி வந்தது, போனது. பாஸ்டர் ஜெனிபரிடம், “தம்பி ஜாயின் பண்ணியாச்சாம்மா?” என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் அவள் சபைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்றாள். வலி நிஜமாகவே இருந்தது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. எபிக்குப் பிறந்த நாள் வந்தபோது பிரின்சி ஒரு சின்ன கேக் வாங்கி வந்தாள். அதை வெட்டுகிற சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் அவன் ஆப்பைத் திறந்து, அந்த ஒரு வரியையும் அழித்தான். அனுபவம் உள்ளவரா, புதியவரா என்று அது கேட்டது. என்னை வைத்துக்கொண்டுதான் ‘புதியவர்’ என்பதை அழுத்தினான். காதோரம் நரைத்தவன். நான் தடுக்க வாயெடுத்தேன். “வேற இன்னா போட சொல்றணா?” என்றான்.

இரண்டே நாளில் போன் வந்தது. கலியன் என்ற லேபர் சப்ளைக்காரன். தேர்வாய்க்கண்டிகையில் ஆள் வேண்டும், ஆதார் கார்டும் இரண்டு போட்டோவும் கொண்டு வந்தால் போதும் என்றான். அதே தொழிற்சாலைதான். பொய்யன் என்று தள்ளப்பட்டவன், அதே கம்பெனியின் கேட்டில் ஹெல்பராக உள்ளே போனான். பெட்டி தூக்குகிறவனைப் பற்றி யாரும் வெரிஃபை பண்ணுவதில்லை. அங்கே கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பழுப்புச் சட்டை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எபி வேலை முடிந்து வந்தவன், குழாயடியில் கை கால் கழுவியபடி வாசலில் நின்ற ஜெனிபரிடம் அன்று நடந்ததைச் சொன்னான். லைன் லீடராக எடுத்திருந்த பையனுக்கு மெஷின் பிடிபடவில்லை. காலையிலிருந்து வார்ப்பெல்லாம் ஓட்டை விழுந்து கழிவாகப் போயிருக்கிறது. ஆதிகேசவன் சார் கத்திக்கொண்டே வந்தவர், ஓரமாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த இவனைப் பார்த்து நின்றிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, கையோடு கூட்டிப்போய் மெஷினில் நிறுத்தினாராம். மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டதாம். இனிமேல் தினமும் நீயே பார்த்துக்கொள், அந்தப் பையனுக்கும் சொல்லிக்கொடு என்று சொன்னாராம்.

ஜெனிபரின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. “அப்ப ரோல்ல எடுத்துக்குவாங்களா?”

“அது எப்டி? அத்த க்ளோஸ் பண்ணிட்டாங்கல்ல. ஹெல்பராத்தான்.”

“அவுரு இன்னா சொன்னாரு?”

“என் கையப் புடிச்சிக்கினு, ‘எபினேசர், நீ இங்கியே வந்துட்டியா? நல்லதாப் போச்சுப்பா’ன்னாரு.”

“யாருக்கு?” என்று கேட்டாள் ஜெனிபர்.

அவன் குழாயை மூடிவிட்டு உள்ளே போனான். அவள் வயிற்றில் கையை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, அவன் மறுநாள் போட்டுக்கொண்டு போக வேண்டுமே என்று அந்தப் பழுப்புச் சட்டையை எடுத்துத் துவைக்க ஆரம்பித்தாள்.